இருபத்து மூன்று வாளி வெள்ளம்

இந்த நகரத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வெள்ளத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். ஆறு கொண்டுவந்தது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். ஆறு பாவம், தரையில் ஓடியது. நான் கொண்டுவந்தது பதினோராவது மாடிக்கு. நீல நிறப் பிளாஸ்டிக் வாளி ஒன்று, முக்கால் மணி நேரம், தன்னந்தனி ஆள். தன்னந்தனி என்பது கொஞ்சம் பெருமைக்காகச் சேர்த்தது. குழாயடியில் துப்புரவு அக்கா ஒருவர் இருந்தார். மற்றபடி எல்லாம் அளந்து சொல்வதுதான். அந்த வெள்ளத்தில் ஒரு தலைவரும் ஆறு இயக்குநர்களும் மேசைமேல் ஏறி நின்றார்கள். ஆயிரத்து முந்நூறு பேர் உயிர் பிழைத்தார்கள். இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

இதை என் மனைவி நம்புகிறாள். நான் ஒருமுறை குளித்தாலே கூடம்வரை ஈரம் வருகிறது, பதினோராவது மாடி எம்மாத்திரம் என்கிறாள். மகள் நம்புகிறாள். மகளின் மாமியார் கட்டிலில் படுத்தபடியே நம்புகிறார். நம்பாத ஆள் ஒரே ஒருத்தன்தான், என் மனைவியின் தம்பி. வாயைத் திறந்தால் சுற்றறிக்கை எண்ணும் தேதியும் சொல்லித்தான் பேசுவான் என்பதால் வீட்டில் அவனுக்குப் பெயரே சுற்றறிக்கை. நான் கதையை ஆரம்பித்ததும், "அத்தான், புளுகுக்கும் ஒரு அளவு வேணும்" என்பான்.

நான் புளுகுவேன். மறுக்கவில்லை. நான் பிடித்த மீனின் நீளம், என்னைக் கடித்த நாயின் உயரம், பெண் பார்க்கப் போனபோது எனக்கிருந்த தலைமுடி, எல்லாவற்றையும் வருஷா வருஷம் வளர்த்துவருகிறேன். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என் நாக்கு ஒருநாளும் புரண்டதில்லை. அது ஆற்றின் நீர்மட்டம்.

என் வேலையே அதுதான். பழைய பாலத்தின் இரண்டாவது தூணோடு சேர்த்து, வெள்ளையும் கறுப்புமாகக் கோடு போட்ட அளவுகோல் ஒன்று ஆற்றுக்குள் நின்றது. ஆறு மீட்டர் உயரம். ஐந்தாவது மீட்டரில் சிவப்புக் கோடு. நான் தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன், குறிப்பேட்டில் எழுதுவேன், போன் செய்வேன். மழைக்காலத்தில் மணிக்கு ஒரு தடவை. முப்பத்தோரு வருஷம் நான் பார்க்காத எண்ணை எழுதியதில்லை, எழுதாத எண்ணைச் சொன்னதில்லை.

போனின் மறுமுனையில் இருந்தது சுற்றறிக்கைதான். ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், எங்கள் நகரத்திலேயே தாழ்வான பகுதியில், அவனுக்கு ஓர் அறை, ஒரு போன், சுவரில் ஒரு பொத்தான். நான் ஐந்து என்று சொன்னால் அவன் பொத்தானை அழுத்த வேண்டும், சைரன் அலறும். சைரன் அலறினால்தான் மூன்று மாடிப் பள்ளிக்கூடத்தின் வாசற்கதவு திறக்கும், ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மேலே ஏறுவார்கள். வளைவு என்றே அந்த இடத்துக்குப் பெயர். முந்நூறு வீடு, எல்லாம் ஒற்றைத் தளம்.

அந்த முந்நூறில் ஒன்று என் மகளுடையது. முன்னறையில் தையல் இயந்திரம், பின்னறையில் அவள் மாமியார். என் சம்பந்தியம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. இடுப்புக்கு மேலே, குறிப்பாக வாய்க்கு, ஒரு குறையும் இல்லை. அவரைக் கட்டிலோடு தூக்க நான்கு ஆண்கள் வேண்டும். பள்ளிக்கூடத்து மாடி ஏற ஒரு மணி நேரம் பிடிக்கும். ஒவ்வொரு படியிலும் தூக்குபவர்களுக்குத் தூக்கும் விதம் சொல்லிக்கொடுப்பார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் நகரம் வளர ஆரம்பித்தது. ஏரி இருந்த இடத்தில் ஏரிக்காட்சிக் குடியிருப்பு வந்தது. வாய்க்கால் இருந்த இடத்தில் வாகன நிறுத்தம் வந்தது. மழை மட்டும் பழைய முகவரியைத் தேடியே வந்துகொண்டிருந்தது. ஒரே வருஷத்தில் நான்கு தடவை சிவப்புக் கோடு முழுகியது, நான்கு தடவை சைரன் அலறியது. நகரத்தில் முதலீடு செய்ய வந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர் காபி குடிக்கும்போது சைரனைக் கேட்டுவிட்டார். மறுமாதமே வெள்ளத் தாங்குதிறன் ஆணையம் பிறந்துவிட்டது.

ஆணையத்துக்குக் கண்ணாடிக் கட்டடம். பதினோராவது மாடியில் பெரிய கூட்ட அரங்கு, இரண்டு மாடி உயரக் கூரை, அரங்கைச் சுற்றி மேலே நடைபாதை. முதல் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கள அனுபவம் உள்ளவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதியாம். கள அனுபவம் பேச வேண்டும் என்று விதி இல்லை என்பது உட்கார்ந்தபிறகு தெரிந்தது.

தலைவர் எழுந்தார். நல்ல குரல், நல்ல சட்டை.

"நம்ம நகரத்துக்கு வெள்ளம் வருதுன்னு சிலர் சொல்றாங்க. அது தப்பு. வெள்ளம் எப்பவும் இருந்த இடத்துலதான் இருக்கு. நகரம்தான் அது இருக்கிற இடத்துக்குப் போயிருக்கு. அதுக்குப் பேர் வளர்ச்சி." கைதட்டல். "ஏரியை மூடிட்டோம்னு என் மேல பழி போடுறாங்க. நான் அந்த ஏரியைப் பார்த்ததே இல்லை. வரைபடத்துல காலி இடம்னுதான் இருந்துச்சு. எனக்கு நல்லாத் தெரியும், அந்த வரைபடத்தை வரைஞ்சதே நான்தான்." மறுபடியும் கைதட்டல். நானும் தட்டினேன். எல்லாரும் தட்டும்போது கையை மடியில் வைத்திருந்தால் குளிரில் நடுங்குகிறவன் மாதிரி தெரியும்.

அன்றே வெள்ளம் என்ற சொல் கோப்புகளிலிருந்து நீக்கப்பட்டது. கணுக்கால்வரை என்றால் "ஈரப்பதம்", முழங்கால்வரை என்றால் "தற்காலிக நீர்நிலை", இடுப்பைத் தாண்டினால் "நீர்வழிப் போக்குவரத்து வாய்ப்பு". கழுத்துவரைக்கு என்ன சொல் என்று நான் கேட்டேன். அந்த நிலையில் இருப்பவர்கள் புகார் எழுதுவதில்லை, எனவே சொல் தேவைப்படாது என்றார்கள்.

அடுத்த மழைக்கு ஆறு இந்த மாற்றங்களைப் படிக்காமலேயே சிவப்புக் கோட்டைத் தாண்டியது. உடனே இரண்டாவது கூட்டம். நகரமே உயர்கிறது, அளவுகோல் மட்டும் ஏன் அதே இடத்தில் நிற்க வேண்டும் என்று ஓர் இயக்குநர் கேட்டார். மறுவாரம் நான்கு பேர் வந்து, தூணிலிருந்த அளவுகோலைக் கழற்றி ஒரு மீட்டர் மேலே தூக்கி மாட்டினார்கள். ஆறு உடனே ஒரு மீட்டர் குறைந்தது. பத்திரிகையில் படம் வந்தது.

"சார், தண்ணி அதே இடத்துலதான் சார் இருக்கு" என்றேன்.

"எண்ணைச் சொல்லுங்க."

"நாலு புள்ளி ஒண்ணு."

"முன்னாடி?"

"அஞ்சு புள்ளி ஒண்ணு."

"பாருங்க, உங்களுக்கே முன்னேற்றம் தெரியுது" என்றார் தலைவர்.

வருஷம் திரும்புவதற்குள் ஆறு அந்த ஒரு மீட்டரையும் ஏறிவந்துவிட்டது. மூன்றாவது கூட்டத்தில் தலைவர் மேசையைத் தட்டிச் சொன்ன வாசகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அந்த அளவுகோல் எங்க நிக்குது? ஆத்துக்குள்ள. ஆத்துக்குள்ள நின்னா அது ஆத்துக்குச் சாதகமாத்தானே பேசும்? ஒரு நடுநிலையான அளவுகோல் தண்ணிக்குச் சம்பந்தமில்லாத இடத்துல இருக்கணும்."

நடுநிலையைத் தேடி அளவுகோல் புறப்பட்டது. முதலில் கரைக்கு வந்தது; கரை முழுகியது. பிறகு ஆணையத்தின் வாகன நிறுத்தத்துக்கு. அது பழைய வாய்க்கால் ஆயிற்றே, தண்ணீர் முதல் ஆளாக அங்கேதான் வந்தது. பிறகு வரவேற்புக் கூடத்துக்கு. அங்கேயும் ஒரு மழையில் இருபது சென்டிமீட்டர் காட்டி, வரவேற்புப் பெண்ணின் செருப்பைக் கொண்டுபோயிற்று. கடைசியில் ஒரு நல்ல நாளில் ரிப்பன் வெட்டி, பதினோராவது மாடிக் கூட்ட அரங்கிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

சும்மா நிறுத்தவில்லை. தரையிலிருந்து மேல் நடைபாதைவரை உயரமான கண்ணாடிக் குழாய், சாப்பாட்டுத் தட்டு உள்ளே இறங்கும் அகலம். அதற்குள் என் அளவுகோல். பாலத்துப் பாசியைச் சுரண்டி, புது வண்ணம் அடித்து, அடியில் கூழாங்கல் போட்டு, நீல விளக்கு வைத்திருந்தார்கள். உள்ளே சொட்டுத் தண்ணீர் கிடையாது. குழாயின் மேல்வாய் நடைபாதை ஓரத்தில் திறந்திருந்தது, தூசி துடைக்க.

அளவுகோல் போன இடத்துக்கு நானும் போக வேண்டும் அல்லவா? முப்பது வருஷம் ஆற்றங்கரையில் குடை பிடித்தவன், லிப்டில் ஏறிக் குளிர்பதன அறையில் உட்கார்ந்து மணிக்கொரு தடவை நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பூஜ்யம். எழுதினேன். பக்கத்தில் ஓர் அதிகாரி, ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தவர். குழாயையும் என் குறிப்பேட்டையும் ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் அவர் வேலை. கையெழுத்துக்காரர் என்றே கூப்பிட்டோம். அவர் கையெழுத்து இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் நான் வளைவுக்குப் போன் செய்வேன்.

"அத்தான், எண்?"

"ஜீரோ."

"பதிஞ்சுட்டேன். ஆனா இங்க வாசல்ல படகு போகுது."

"அதையும் பதிய வேண்டியதுதானே?"

"படகுக்குக் கட்டம் இல்லை."

நானூறு நாள் தொடர்ந்து வெள்ளமே இல்லாத நகரம் என்று எங்களுக்கு விருது கிடைத்தது. அக்கரையில் ஒரு சைரன்காரர் மட்டும், வாசலில் தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்திவிட்டார். கண் அங்கீகரிக்கப்பட்ட கருவி அல்ல என்று சுற்றறிக்கை வந்து, அவர் வேலை போயிற்று. பீதி கிளப்பிய வழக்கு இன்னும் நடக்கிறது. அந்தச் சுற்றறிக்கையை என் மச்சான் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தான்.

இனி அந்த நாள்.

மூன்று நாளாக நிற்காத மழை. அன்று காலை பத்து மணிக்கு ஆணையத்தில் ஆண்டு நிறைவுக் கூட்டம். தலைவர் வந்துவிட்டார், ஆறு இயக்குநர்கள் வந்துவிட்டார்கள், பார்வையாளர்கள் பாதி வழியில் எங்கோ மிதந்துகொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பழைய பாலத்தைக் காணோம். பாலம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு ஒரு சின்ன முதுகு வளைத்துப் போயிற்று. முப்பத்தோரு வருஷத்தில் அந்த முதுகை நான் பார்த்ததில்லை.

மகள் போன் செய்தாள்.

"அப்பா, தெருவுல கீழ்ப்படி முழுகிடுச்சு. ரெண்டாவது படியில நக்குது."

"உன் வீட்டுக்காரர் எங்கம்மா?"

"வேலைக்குப் போனவர் அக்கரையில மாட்டிக்கிட்டார். அத்தையைத் தூக்க ஆள் கூப்பிட்டேன், யாரும் வரலைப்பா. சைரன் அடிக்கலையே, அதுக்குள்ள என்ன அவசரம்ங்கிறாங்க. எதிர்வீட்டுல துணி துவைச்சிட்டிருக்காங்க. பள்ளிக்கூடக் கதவும் பூட்டியிருக்கு."

பின்னாலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது. "உங்க அப்பாகிட்ட கேளு. எண் பாக்குறது அவரா, இல்ல அவர் மாதிரி ஒரு பொம்மையா?"

மச்சானுக்குப் போன் போட்டேன்.

"டேய், அடிச்சுத் தொலைடா."

"எண் சொல்லுங்க அத்தான்."

"ஜீரோ. உன் காலுக்குக் கீழ பாருடா."

"பாத்துட்டேன். முழங்கால்வரைக்கும் இருக்கு." அவன் காலை நகர்த்தும் சளசளப்பு போனில் கேட்டது. "முழங்கால் அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லை அத்தான். கையெழுத்துப் போட்ட எண் வேணும். அஞ்சு இல்லாம அடிச்சா கதவைத் திறக்க மாட்டேன்னு பள்ளிக்கூட வாட்ச்மேன் சொல்றார். அவருக்கும் சுற்றறிக்கை வந்திருக்கு."

"அங்க இருக்கிறது உன் அக்கா பொண்ணுடா."

"தெரியாதா எனக்கு? எண்ணைக் கொடுங்க அத்தான். எப்படியாவது எண்ணைக் கொடுங்க."

ஐந்து என்று வாயால் சொல்லிவிடலாம்தான். இத்தனை புளுகு புளுகியவனுக்கு இது ஒரு பெரிய காரியமா? ஆனால் கையெழுத்துக்காரர் குழாயைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். அதோடு, சொன்னால் சிரிப்பீர்கள், பார்க்காத எண்ணைச் சொல்ல என் வாய் வரவில்லை.

நான் நேரே தலைவரிடம் போனேன். பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"சார், வளைவுல முந்நூறு வீடு முழுகப்போகுது. சைரன் அடிக்க உத்தரவு கொடுங்க."

"அளவுகோல் என்ன சொல்லுது?"

"அது இங்க இருக்கு சார். தண்ணி அங்க இருக்கு."

"அளவுகோல் என்ன சொல்லுதுன்னு கேட்டேன்."

"ஜீரோ."

"அப்புறம் என்ன?" அவர் அரங்கைப் பார்த்துப் புன்னகைத்தார். "களப் பணியாளர்கள்கிட்ட ஒரு குறை உண்டு. எதையும் பார்த்தா நம்பிடுவாங்க. நாங்க அப்படி இல்லை. யாராவது அந்த ஜன்னல் திரையை இழுத்து விடுங்க. அது அங்கீகரிக்கப்படாத காட்சி."

திரையை இழுத்தார்கள். ஆறு மறைந்தது. தலைவர் உரையைத் தொடர்ந்தார்.

நான் மேல் நடைபாதைக்கு ஏறினேன். அங்கே கழிவறை வாசலில் துப்புரவு அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நீல வாளி.

"அக்கா, இந்த வாளி எத்தனை லிட்டர்?"

"பதினஞ்சு."

"கொஞ்சம் நிரப்பித் தர முடியுமா? நிறைய தடவை."

அவர் என்னைப் பார்த்தார். திறந்திருந்த கண்ணாடிக் குழாயின் வாயைப் பார்த்தார். என் கையிலிருந்த போனைப் பார்த்தார். அவர் வீடும் வளைவில்தான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். துடைப்பானைச் சாய்த்துவைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்தார்.

முதல் வாளி கூழாங்கல்லில் விழுந்து சலசலத்தது. கீழே தலைவர், "நீர் நம் நண்பன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு வாளியில் அளவுகோல் முக்கால் மீட்டரைத் தாண்டியது. நீல விளக்கில் தண்ணீர் அழகாகத்தான் இருந்தது. ஒன்பதாவது வாளிக்குப் பிறகு ஓர் இயக்குநர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரின் முழங்கையைக் கிள்ளினார். அவர் இன்னொருவரைக் கிள்ளினார்.

"தலைவர் அவர்களே, இடையில பேசுறதுக்கு மன்னிக்கணும். ரெண்டு மீட்டர்."

"எது?"

"அளவுகோல்."

தலைவர் திரும்பினார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மேலே நிமிர்ந்து பார்த்திருந்தால் வாளியோடு என்னைப் பார்த்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. அளவுகோலைப் பார்க்கப் பழகியவர்கள் அதற்கு மேலே பார்க்க மாட்டார்கள் என்று நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"வந்துடுச்சு" என்றார் தலைவர். மெதுவாகத்தான் சொன்னார். "இவ்வளவு நாளா நாம பயந்தது வந்தே வந்துடுச்சு."

பதினான்காவது வாளிக்கு மூன்று மீட்டர். ஓர் இயக்குநர் காலணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்தார். தரையில் ஈரமே இல்லை என்று யாரோ முனகியதற்கு, "தரையை யார் பாக்கச் சொன்னது? எண்ணைப் பாருங்க" என்று அதட்டல் கிடைத்தது. உயிர்காப்பு மேல்சட்டைகள் கண்காட்சிப் பெட்டியில் இருந்தன. சாவி வைத்திருந்த ஆள் தரைத்தளத்தில், நிஜத் தண்ணீரில் இருந்தார். நான்கு மீட்டரில் தலைவர் மேசைமேல் ஏறினார். ஆறு இயக்குநர்களும் பதவி வரிசைப்படி ஏறினார்கள். மேசை கொஞ்சம் வளைந்தது.

மேசைமேல் நின்றபடியே தலைவர் பேசினார். "ஒண்ணு மட்டும் பதிவு பண்ணுங்க. இந்தக் கட்டடம் நீர்வழியில கட்டப்பட்டதுன்னு எனக்கு எச்சரிக்கை வந்துச்சு. ரெண்டு தடவை வந்துச்சு. ரெண்டு தடவையும் நான் அதைப் பத்திரமா பூட்டி வச்சேன். அலட்சியமா தூக்கி எறியலை."

பதிவுசெய்தார்கள்.

இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது எனக்கு. அக்காவின் சேலை முழுக்க ஈரம். இருபத்திரண்டாவது வாளியை ஊற்றிவிட்டு எட்டிப் பார்த்தேன். நான்கு புள்ளி எட்டு. போனில் மச்சானைக் கூப்பிட்டு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கடைசி வாளியைத் தூக்கினேன். ஊற்றினேன். கீழே கையெழுத்துக்காரர் நாற்காலிமேல் நின்றபடி என்னைக் கூப்பிட்டார்.

"என்ன எண்?"

"நீங்களே பாருங்க சார்."

பார்த்தார். "அஞ்சு புள்ளி ஜீரோ ரெண்டு." கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் கையெழுத்துக்கு ஒரு வேலை இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

நான் போனில் சொன்னேன். "அஞ்சு புள்ளி ஜீரோ ரெண்டு. கையெழுத்து ஆயிடுச்சு."

அரை நொடிகூட ஆகவில்லை. பதினோராவது மாடிக் கண்ணாடிகள் அதிரும்படி வளைவிலிருந்து சைரன் கேட்டது. இவ்வளவு தூரத்துக்குக் கேட்காது என்பீர்கள். கேட்டது.

ஐந்தைத் தாண்டினால் அளவுகோல் அருகே இருப்பவர்கள் உயரமான இடத்துக்குப் போக வேண்டும் என்று அவர்களே எழுதிய நடைமுறையில் இருக்கிறது. ஆகவே தலைவரும் இயக்குநர்களும் கோப்புகளைத் தலையில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறி, கொட்டும் மழையில் நான்கு மணி நேரம் நனைந்தார்கள். அந்த வெள்ளத்தில் முழுக்க நனைந்த முதல் ஆட்கள் அவர்கள்தான்.

வளைவில் பள்ளிக்கூடக் கதவு திறந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் உட்பட நான்கு பேர் வந்து சம்பந்தியம்மாவின் கட்டிலைத் தூக்கினார்கள். "இடது பக்கம் சாயுது, நேத்து சாப்பிடலையாப்பா நீ?" என்று கேட்டுக்கொண்டே அவர் மூன்றாவது மாடி போய்ச் சேர்ந்தார். மத்தியானம் ஒரு மணிக்கு என் மகள் வீட்டில் தண்ணீர் மின்விசிறி இறக்கையைத் தொட்டது. தையல் இயந்திரம் போயிற்று. மனிதர் ஒருவரும் போகவில்லை.

பிறகு மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. நான் எதையும் மறைக்கவில்லை.

"பதினோராவது மாடிக்குள்ள தண்ணி எந்த வழியா வந்துச்சு?"

"கழிவறைக் குழாய் வழியா சார்."

"யாராவது தடுக்க முயற்சி பண்ணினாங்களா?"

"இல்லை சார். நான்தான் ஊத்திக்கிட்டே இருந்தேன்."

அவர்கள் தலையசைத்து எழுதினார்கள். அறிக்கை வந்தபோது படித்தேன்: "குழாய்கள் வழியாக நீர் உட்புகுந்தது. அளவுகோல் வாசிப்பாளர் கடைசிவரை நீரோடு போராடினார்." முடிவுரையில், நகரத்தின் வெள்ளம் பதினோரு மாடி உயரம் ஏறக்கூடியது என்று நிரூபணமாகிவிட்டதால் அளவுகோலைப் பதினான்காவது மாடிக்கு மாற்றவும், குழாயின் மேல்வாய்க்கு உறுதியான மூடி போடவும் பரிந்துரைத்திருந்தார்கள்.

என் மச்சானுக்குப் பதக்கம் கிடைத்தது. "பதினோராவது மாடியின் வரலாறு காணாத வெள்ளத்தின்போது, ஈரப்பதம் மட்டுமே இருந்த வளைவு மக்களையும் கருணையோடு எச்சரித்தமைக்காக." அதை அந்தப் பழைய சுற்றறிக்கைக்குப் பக்கத்தில் மாட்டினான். எனக்கு ஓய்வு கிடைத்தது. அக்காவுக்குப் புது வாளி கிடைத்தது. ஆணையம் கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன்.

அதிலிருந்துதான் அவன் நம்பாதவன் ஆனான். வாளி என்று நான் சொன்னாலே முகம் சுருங்கும். "ஆறு ஏறுச்சு, எண் வந்துச்சு, நான் அடிச்சேன். இதுல வாளி எங்க இருந்து வந்துச்சு?" என்பான். நானும் விடவில்லை. போன வருஷம் நாற்பது வாளியாக இருந்ததை, இதை எழுதுவதற்காக மறுபடி இருபத்து மூன்றுக்கே இறக்கியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் மகள் வீட்டில் இருந்தோம். புது வண்ணம் அடித்த சுவரில் மின்விசிறி உயரத்துக்குப் பழைய தண்ணீர்க் கோடு மட்டும் லேசாகத் தெரிந்தது. எத்தனை பூச்சு அடித்தாலும் மேலே வருகிறது. சாப்பிட்டுக் கை கழுவியதும் நான் வழக்கம்போல வாளிக் கதையைத் தூக்கினேன். பதினேழாவது வாளியில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை.

"இந்த வருஷம் யாரு எண் பாக்குறது?" என்று கட்டிலிலிருந்து சம்பந்தியம்மா கேட்டார்.

"புதுசா ஒருத்தர்" என்றாள் மகள். "பதினாலாவது மாடியில. மூடி போட்டிருக்காங்களாம், தண்ணி உள்ள போகாதபடிக்கு."

"அப்ப நான் இனிமே கட்டில்லயே நீச்சல் கத்துக்க வேண்டியதுதான்."

என் மனைவி எழுந்து போய் வாசலில் படிகளைப் பார்த்துவிட்டு வந்தாள். மச்சான் தண்ணீர் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான். அடுத்த வருஷம்வரை பொத்தான் அவன் பொறுப்பில்தான் இருக்கிறது.

"அத்தான்" என்றான் கடைசியில். "அந்த மூடி திருகுற மூடியா, தூக்குற மூடியா?"

"நடக்காத கதைக்கு மூடி எப்படி இருந்தா உனக்கென்னடா?"

"தூக்குறதா இருந்தா ஒரு ஆள் போதும். திருகுறதா இருந்தா அந்த அக்காவையும் கூட்டிட்டுப் போகணும்."

அவன் என்னைப் பார்க்கவில்லை, சுவரிலிருந்த கோட்டைப் பார்த்துப் பேசினான்.

"போன்ல கேட்டேன். வாளிக் கைப்பிடி டங்குன்னு விழுந்துச்சு. அந்தம்மா 'இது போதுமா சார்'னாங்க. நீங்க 'இன்னும் ரெண்டு விரல்'னீங்க. அப்புறம் தண்ணி விழற சத்தம். அப்புறம்தான் எண் வந்துச்சு."

"கேட்டுட்டா அடிச்சே?"

"எண்ணைக் கேட்டா அடிக்கணும்னு சுற்றறிக்கையில இருக்கு. எண்ணுக்கு முன்னாடி என்ன கேட்டுச்சுன்னு எழுதறதுக்குக் கட்டம் இல்லை." டம்ளரைக் கீழே வைத்தான். "நடந்துச்சு அத்தான். நடந்துச்சு. இந்தத் தடவை ரெண்டு வாளியா எடுத்துட்டுப் போங்க, முக்கால் மணி நேரம் ரொம்ப ஜாஸ்தி."